பதிவேடுகளைக் காப்பாத்திக் குடுத்த எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

நம்ம பங்கு மக்களுக்கும் வெளியூர்ல, கப்பல்ல, வளைகுடால இருக்கற நம்ம ஊர் ஆட்களுக்கும், இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

இதை நான் ஜனவரியிலயே எழுதியிருக்கணும். எழுத உக்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு புஸ்தகம் இன்னும் காயாம இருக்கும், சரி அது முடியட்டும்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு தவக்காலமும் போய் பாஸ்காவும் வந்துட்டு. போன சனிக்கிழமை கடைசி புஸ்தகமும் பைண்டிங் முடிஞ்சு வந்துட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துல நனைஞ்ச, நம்ம சனங்களோட ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எழுதி வச்ச பத்தொம்பது பதிவேடும் இப்ப நம்ம கோவில்ல இருக்கு. ஒண்ணு கூட தொலையல. இனி ஒரு நாள் கூட தாமதிக்கக் கூடாதுன்னு இன்னைக்கு ராத்திரியே எழுதுறேன்.

என்னைத் தெரியாதவங்களுக்கு, நான் பங்கு ஆபீஸ்ல வாரத்துல மூணு நாள் உக்காந்து ஞானஸ்நான சர்டிபிகேட் எழுதிக் குடுக்கறவ. கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கறதுக்கு (கோவில்ல கல்யாண அறிவிப்பு சொல்றதுக்கு) முன்னால "புதுசா ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க"ன்னு சாமி அனுப்புவாங்கல்ல, அப்ப நீங்க வந்து நிக்கறது என் மேசை முன்னாலதான். பழைய காப்பி கைல இருக்கும்போது ஏன் புதுசு கேக்காங்கன்னு நிறைய பேர் கோவப்படுவீங்க. காரணம் இருக்கு. ஒருத்தருக்கு உறுதிபூசுதல் ஆனா, கல்யாணம் ஆனா, குருப்பட்டம் ஆனா எல்லாமே அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்து ஓரத்துல எழுதிச் சேக்கணும், அது திருச்சபைச் சட்டம். அதனால அந்த ஒரு வரிதான் ஒரு ஆளுடைய முழுக் கணக்கும். திருச்சபை ஆயருங்க கூடின திரிதெந்து சங்கம் 1563ல கல்யாணத்துக்குப் பதிவேடு வைக்கணும்னு சொன்னதுல இருந்து இந்த வழக்கம் வருது, 1614ல வந்த ரோமைச் சடங்கு நூல் இறந்தவங்களுக்கும் தனிப் புஸ்தகம் வைக்கச் சொல்லிச்சு. நம்ம முத்துக்குளித்துறைக்கு, அதாவது இந்தத் தூத்துக்குடிக் கடற்கரைக்கு, புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ல வந்தாங்க, அதுக்கும் முன்னால 1535, 36லயே நம்ம முன்னோருங்க ஞானஸ்நானம் வாங்கிட்டாங்க. அந்தக் காலத்து ஏடு எதுவும் நம்மகிட்ட இல்ல. ஆனா தூத்துக்குடி மறைமாவட்டம் 1923ல உருவாகறதுக்கு முன்னால, நாம திருச்சி ஆயரோட பார்வைல இருந்தப்ப எழுதின புஸ்தகங்க இருக்கு, லத்தீன்ல தலைப்பு போட்டு, நம்ம ஆளுங்க பேரை ரோமன் எழுத்துல எழுதி. மறைமாவட்டத்துக்கு நூறு வருஷம் நிறைஞ்ச 2023லயே அதெல்லாம் தண்ணிக்குள்ள போகும்னு யாரு நினைச்சா.

டிசம்பர் 17 ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலம் மூணாம் ஞாயிறு. காலைல ரெண்டாம் பூசைக்கு குடை பிடிச்சுட்டு வந்தவங்க சாயங்காலம் வெளிய தலை காட்ட முடியல. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கரண்ட் போயிட்டு, டவர் போயிட்டு. தாமிரபரணி கடலோட சேர்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கற நமக்கு ஆத்துத் தண்ணி வரும்னு தெரியும், ஆனா குளமெல்லாம் உடைஞ்சு அம்புட்டும் ஒரே ராத்திரில வரும்னு தெரியாது.

முதல் நன்றி நம்ம கோவில்ல மறைக்கல்வி சொல்லிக் குடுக்கற உபதேசியார் ஐயாவுக்கு. எழுபத்தஞ்சு வயசுக்கு மேல. ராத்திரி ரெண்டு மணிக்கு இடுப்பளவு தண்ணில கோவில் மணியை விடாம அடிச்சு சனங்களை ஸ்கூல் மாடிக்கு ஏத்திட்டு, அதுக்கப்புறம் தனியா ஆபீஸுக்குள்ள போயிருக்காங்க. கோவில் மேட்டுல இருக்கு, ஆபீஸ் பள்ளத்துல இருக்குன்னு நமக்கெல்லாம் தெரியும்ல. பீரோவோட மேல் தட்டு ரெண்டுல இருந்த பன்னெண்டு பதிவேட்டையும் பிளாஸ்டிக் கூடைல வச்சு தலைல தூக்கிட்டு வந்து பாடகர் மாடத்துல கொண்டு வச்சுட்டாங்க, நாலு தடவை போயிட்டு வந்திருக்காங்க. கீழ்த்தட்டை இழுத்தா வரல, தண்ணி குடிச்சு புஸ்தகமெல்லாம் ஊதி ஒண்ணோட ஒண்ணு இறுகிட்டு. மறுநாள் காலைல நான் போனப்ப ஐயா ஆபீஸ் வாசல்ல உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க. "பன்னெண்டுதான் எடுக்க முடிஞ்சுது தாயி, மிச்சம் பத்தொம்பதும் உள்ள கிடக்கு"ன்னாங்க. ஐயா, நீங்க எடுத்த பன்னெண்டு கூட இல்லைனா இன்னைக்கு நான் என்ன எழுதிட்டு இருப்பேன்?

வெல்டிங் பட்டறை தம்பி ரெண்டு பேருக்கு நன்றி. அவங்க பட்டறையே தண்ணிக்குள்ள, கம்ப்ரசர் மோட்டார் எல்லாம் போயிட்டு, அதை விட்டுட்டு ஸ்பேனரோட வந்து பீரோ தட்டை போல்ட்டு கழட்டி பக்கவாட்டுல விரிச்சு ஒவ்வொண்ணா வெளிய எடுத்துக் குடுத்தாங்க. புஸ்தகத்தைப் பிடிச்சு இழுத்திருந்தா அட்டை மட்டும் கையோட வந்திருக்கும்.

இங்க நான் ஒண்ணு ஒத்துக்கணும். எடுத்த உடனே பதட்டத்துல ஒரு கல்யாணப் பதிவேட்டை நான் பிரிக்கப் பாத்தேன். ஈரத்துல ஒட்டியிருந்த ரெண்டு பக்கம் கிழிஞ்சுட்டு. அந்த ரெண்டு பக்கத்துல பேர் இருக்கற குடும்பங்ககிட்ட நேர்ல வந்து சொல்லிட்டேன், நீங்க யாரும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, அது எனக்கு மறக்காது.

அப்ப ஃபைபர் போட் வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் (பேர் போடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க) பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தவங்க, "மீனு கெடாம இருக்க என்னம்மா பண்ணுவோம், ஐஸ்ல போடுவோம், இதையும் அப்படிப் போட்டா என்ன"ன்னு கேட்டாங்க. எனக்கு அது சரியா தப்பான்னு தெரியல. கோபுரத்து மேல ஏறினா ஒரு கோடு சிக்னல் கிடைக்குதுன்னு பீடச் சிறுவன் ஒருத்தன் கண்டுபிடிச்சு சொன்னான், அங்க ஏறி சென்னைல ஒரு நூலகத்துல பழைய ஏடுகளைப் பாத்துக்கற கன்னியாஸ்திரி ஒருத்தங்களுக்குப் போன் போட்டேன். சிஸ்டர் முதல்ல சொன்னதே "யாரு அந்த அண்ணன், அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி"ன்னுதான். நனைஞ்ச காகிதத்துல ரெண்டு மூணு நாளைக்குள்ள பூஞ்சை பிடிச்சுடும், அத்தனையையும் ஒரே நேரத்துல காய வைக்க முடியாது, அதனால உறைய வச்சுட்டா பூஞ்சை வளராம நிக்கும், அப்புறம் ரெண்டு ரெண்டா எடுத்து நிதானமா காய வைக்கலாம்னு சொன்னாங்க. வெயில்ல காயப் போடாதீங்க, பக்கத்தைப் பிரிக்காதீங்க, மூடின புஸ்தகத்தை மூடினபடியே விடுங்கன்னு மூணு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. கட் ஆகிக் கட் ஆகி பதினோரு தடவை பேசினோம். சிஸ்டர், உங்களை நான் இன்னும் நேர்ல பாத்ததில்ல, பனிமய மாதா திருவிழாவுக்கு வாங்க.

ஐஸ் பிளாண்ட்ல கரண்ட் இல்ல, ஆனா உள்ள அடுக்கி வச்சிருந்த ஐஸ் கட்டிங்க உருகாம கிடந்துச்சு. ஓனர் சாவியைத் தூக்கி அண்ணன் கைல குடுத்துட்டு வேணுங்கறதை எடுத்துக்கோங்கன்னாங்க, பணம் இன்னைக்கு வரைக்கும் வாங்கல. ஒவ்வொரு பதிவேட்டையும் பாலிதீன்ல ரெண்டு சுத்து சுத்தி, ஐஸ் உடைச்சுப் பரப்பி, மேல புஸ்தகம், அதுக்கு மேல ஐஸ்னு சீலா மீன் அடுக்கற மாதிரியே அண்ணன் அடுக்கினாங்க. நாலு பெரிய மீன் பெட்டி. அந்தப் பெட்டிங்களுக்குள்ள நம்ம தாத்தா பூட்டன் பேரெல்லாம் இருந்துச்சு. மூடி போடறதுக்கு முன்னால அண்ணன் சிலுவை போட்டுக்கிட்டாங்க.

ரோடு விட்ட அன்னைக்கே இறால் கம்பெனி குளிரறை ஒண்ணுல இடம் பேசி, மைனஸ் 18 டிகிரில ஒரு மூலைல அடுக்கி வச்சுக்கிட்டாங்க. அங்க வேலை பாக்கற நம்ம ஊர் பிள்ளைங்கதான் மேனேஜர்கிட்ட பேசி வாங்கிக் குடுத்தது. லோடு வண்டி ஓட்டின தம்பி சொந்த வீட்டுச் சுவர் இடிஞ்சு கிடக்கும்போது வண்டி எடுத்தான். அவனுக்கு நான் என்ன சொல்ல.

இதுக்கு நடுவுல சாப்பாடு. நம்ம மாடில இருந்தவங்களுக்கு காயல்பட்டினத்துல இருந்து பாய்மாருங்க டிராக்டர்ல சோறு கொண்டு வந்தாங்க, அவங்க ஊர்லயும் வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும்போது. நம்ம பசங்களும் வள்ளத்தை லாரில ஏத்தி ஏரல் பக்கம் போய் சனங்களை இறக்கிட்டு வந்தாங்க. இதெல்லாம் தனியா எழுத வேண்டியது, இங்க ஒரு வரில விடுறதுக்கு மன்னிச்சுக்கோங்க.

பொங்கல் கழிஞ்சு கரண்ட் எல்லாம் நிலைச்சதுக்கு அப்புறம் காய வைக்க ஆரம்பிச்சோம். கான்வென்ட் மாடி ரூமை சிஸ்டர்ஸ் ஒழிச்சுக் குடுத்தாங்க, அவங்க ஜெபிக்கற ரூமுக்குப் பக்கத்து ரூம், ரெண்டரை மாசம் ஃபேன் சத்தத்தைச் சகிச்சுக்கிட்டாங்க. அச்சடிச்ச பேப்பரை இடைல வச்சா மை ஒட்டும், வெறும் பேப்பர் வேணும்னு தேடினப்ப, அச்சகம் வச்சிருக்கற பாய் ஒருத்தர் ரீல் முடிவுல மிஞ்சின வெள்ளை நியூஸ்பிரிண்டைக் கட்டுக்கட்டா அனுப்பி வச்சாங்க. பத்துப் பக்கத்துக்கு ஒரு தாள், மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும். மரியாயின் சேனை ஜெபக்குழு அக்காமாருங்க முறை போட்டு வந்தீங்க. அன்பியம் அன்பியமா, அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க குழு குழுவா வந்தீங்க. எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு நேரா வந்தீங்க.

ஒரு ஆச்சி தினமும் காலைப் பூசை முடிச்சு வந்துடுவாங்க. எழுத்து வாசிக்கத் தெரியாது. தாள் மாத்தும்போது பக்கத்துல இருக்கற பிள்ளையைப் பாத்து "வாசி, யாரு பேரு இருக்கு"ன்னு கேப்பாங்க. அவ மிக்கேல், இஞ்ஞாசி, சந்தியா, பர்னாந்து, மச்சாதுன்னு வாசிச்சுட்டே வருவா. "அவன் வலை வலிக்கப் போய் திரும்பல", "அவ கொழும்புக்குக் கட்டிக் குடுத்தது"ன்னு ஆச்சி சொல்லிட்டே வருவாங்க. அதை எல்லாம் அந்தப் பொண்ணு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கா. நாப்பது பக்கம் நிரம்பிட்டு.

நான் எதிர்பாக்காத ஒண்ணு. லத்தீன்ல எழுதின பழைய புஸ்தகங்க அப்படியே இருக்கு, அந்தக் காலத்து இரும்பு மை தண்ணிக்கு அசையல. பால்பாயிண்ட்ல எழுதினதும் தப்பிச்சுது. நடுவுல நீல இங்க் பேனால எழுதின வருஷங்கதான் கரைஞ்சு ஓடிட்டு, சில பக்கம் வெறும் வான நிறமா நிக்குது. நம்ம ஸ்கூல் சயின்ஸ் சார்தான் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ரூமை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கத்துக்கு ஓரமா படுக்க வச்சு அடிச்சா, நிப்பு அழுத்தின தடம் நிழலா தெரியுது. அப்படியே போட்டோ எடுத்து பெரிசாக்கி வரி வரியா வாசிச்சோம்.

அந்த நீலப் பக்கங்கள்ல ஒண்ணுல எங்க அண்ணன் இருக்கான். அம்மாவுக்கு முதல் பிள்ளை, ரெண்டு நாள்தான் இருந்தான். பிழைக்க மாட்டான்னு தெரிஞ்சு பிரசவம் பாத்த பாட்டியே தண்ணி ஊத்தி சவேரியார்னு பேர் வச்சாங்க, ஆபத்துல யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்ல. போட்டோ கிடையாது, பிறப்பு சர்டிபிகேட் கிடையாது. அவன் இருந்தான்னு சொல்ல அந்த ஒரு வரிதான். வெள்ளம் வந்ததுல இருந்து அம்மா எங்கிட்ட ஒரு தடவை கூட அதைப் பத்திக் கேக்கல, கேக்கப் பயம். பிப்ரவரில ஒரு சாயங்காலம் சார் டார்ச் அடிச்சுட்டு, "சவே... சவேரி..."ன்னு வாசிச்சாங்க. அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அம்மா அந்த வரி மேல விரலை வைக்காம ஓரமா வச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. சார், அன்னைக்கு உங்ககிட்ட நான் ஒண்ணும் பேச முடியல. இப்ப சொல்லிக்கறேன், நன்றி சார்.

பைண்டிங் பண்ணிக் குடுத்த மதுரை ஐயாவுக்கும், செலவுக்குப் பணம் அனுப்பின வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கும், வின்சென்ட் தே பால் சபைக்கும், ஒரு தடவை கூட "எப்ப முடியும்"னு கேக்காம, கையெழுத்துப் போட வேண்டிய சர்டிபிகேட்டுக்கெல்லாம் ஆயர் இல்லம் வரைக்கும் போய் வந்த பங்குத்தந்தைக்கும் நன்றி. பேர் விட்டுப்போன எல்லாருக்கும் சேத்துத்தான்.

இனி அறிவிப்பு. வர்ற ஞாயிறு ரெண்டாம் பூசை நன்றித் திருப்பலி. அது முடிஞ்சு ஹால்ல எல்லாப் பதிவேடும் மேசைல விரிச்சிருக்கும், உங்க குடும்பப் பக்கத்தை வந்து பாருங்க, தொடாம பாருங்க. இன்னும் வாசிக்க முடியாத வரி கொஞ்சம் இருக்கு, அந்த லிஸ்ட் ஆபீஸ் கதவுல ஒட்டியிருக்கு. அதுல உங்க வருஷம் இருந்தா பயப்பட வேண்டாம். திருச்சபைச் சட்டம் 876 படி, யாருக்கும் பாதகம் வராத பட்சத்துல, நம்பிக்கையான ஒரே ஒரு சாட்சி போதும். உங்க ஞானத்தந்தையோ ஞானத்தாயோ உயிரோட இருந்தா கையோட கூட்டிட்டு வாங்க, பழைய சர்டிபிகேட் வீட்டுல இருந்தா அதையும் கொண்டு வாங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்க இரும்புப் பெட்டி அடில, பைபிளுக்குள்ள எல்லாம் ஒரு தடவை தேடிட்டு வாங்க. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் நான் இருப்பேன். பதிவேடு எல்லாம் இப்ப மாடிலதான், படி ஏற முடியாத பெரியவங்க கீழ இருந்து ஒரு சத்தம் குடுங்க, நான் எறங்கி வந்துடுறேன்.

உங்க பிள்ளை,
பங்கு ஆபீஸ்ல இருந்து