சரோஜாவின் இடது கால்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாணிக்கம்,

இங்கே எல்லாரும் சுகம். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இது உன் தங்கச்சி விஷயம்.

நேற்று கோயில் வாசலில் சரோஜாவின் இடது சிலிப்பர் கழன்று விழுந்தது. தெரியாமலே நாலு எட்டு நடந்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால், அதன் முன்விளிம்பு மட்டும் சிமெண்டில் உரசி உரசிக் காகிதம்போலத் தேய்ந்திருக்கிறது. ஒட்டுக்கடை அக்கா வாதம் என்று எண்ணெய் கொடுத்திருக்கிறார். உன் மச்சான் இடுப்பு எலும்பு என்கிறார். வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்திருக்கிறதே, இடுப்பு நசுங்கினால் கை ஏன் மரக்க வேண்டும்?

நாற்பதுக்கு மேல் வந்த ஆஸ்துமா, அறுத்தும் திரும்ப வளர்ந்த மூக்குச் சதை, கணுக்காலில் தடவினால் தட்டுப்படும் செம்புள்ளி, இப்போது காலிலும் கையிலுமாக வெவ்வேறு இடத்தில் கெட்டுப்போன இரண்டு நரம்பு. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சர்க்-ஸ்ட்ராஸ் நோயை நினைத்தே ஆக வேண்டும். 1951இல் நியூயார்க்கில் அந்த இரண்டு மருத்துவர்களும் 13 பேரை ஆராய்ந்து எழுதியது. இப்போது இ.ஜி.பி.ஏ. என்பார்கள். ஈசினோஃபில் என்ற வெள்ளணு அளவுமீறிப் பெருகி, சின்ன ரத்தக்குழாய்கள் அழன்று அடைபடும். நரம்புக்கு ரத்தம் போகாவிட்டால் அது செத்துப்போகும். செத்த நரம்பு வளர்ந்தாலும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான். முழங்காலிலிருந்து பாதம்வரை கணக்குப் போட்டுப் பார், ஒரு வருஷம். அதனால்தான் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதே என்கிறேன்.

முதலில் முழு ரத்தப் பரிசோதனை. ஈசினோஃபில் (ரிப்போர்ட்டில் 10⁹/L என்ற அளவில்) 0.5க்குள் இருப்பது வழக்கம், 1.5ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஒன்று கவனி. மூச்சிரைப்புக்கு அவளுக்கு அடிக்கடி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். அது உள்ளே போன சில மணி நேரத்திலேயே இந்த எண்ணிக்கை விழுந்துவிடும், ரிப்போர்ட் சுத்தமாகத் தெரியும். அதனால் பழைய ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் தேடிக் கொடுக்கச் சொல். ஆங்கா (ANCA) என்றொரு ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள், சொந்த வெள்ளணுக்களையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. பாதிப் பேருக்கும் குறைவாகத்தான் அதில் தெரியும், 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று எழுந்து வந்துவிடக் கூடாது. சிறுநீரில் ரத்தமும் புரதமும் பார்க்க வேண்டும். இதயத்துக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் கட்டாயம். இந்த நோயில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் இதயம்தான்.

இன்னொன்று, இதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு. நம் லயத்துப் பிள்ளைகளில் யார் செருப்புப் போட்டு வளர்ந்தோம்? ஈர மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியே ஏறி, பல பத்தாண்டுகள் குடலில் சத்தமில்லாமல் கிடக்கும். ஈசினோஃபிலை அதுவும் ஏற்றும். அது இருக்கும்போது ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுத்தால் பெருகி உடம்பெல்லாம் பரவி ஆளையே கொன்றுவிடும். மலப் பரிசோதனையில் பலமுறை தப்பிவிடும், அதனால் ரத்தத்திலும் பார்க்கச் சொல். பார்க்க நேரமில்லை என்றால் ஐவர்மெக்டின் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

நோய் உறுதியானால் எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரெட்னிசோலோன். அவள் 55 கிலோ, 5 மில்லிகிராம் மாத்திரையில் நாளுக்குப் பதினொன்று. பயந்துபோய்த் தானாக நிறுத்திவிடுவாள், உனக்குத் தெரியாதா அவளை! திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. நரம்பு கெட்டுப் பாதம் தொங்கியிருப்பதால், கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடோ ரிட்டுக்ஸிமாபோ ஏற்றுவார்கள். மூச்சுக்கும் மூக்குக்கும் பிற்பாடு ஈசினோஃபிலைக் குறைக்கும் மெப்போலிசுமாப் ஊசி இருக்கிறது, நாலு வாரத்துக்கு 300 மில்லிகிராம், விலைதான் தலையைச் சுற்றும்.

இன்று ராத்திரியே போன் போடு. குதிகாலால் நிற்கச் சொல். இடது பாதத்தின் முன்பக்கம் எழாது, அதைப் பார்த்தால் உன் மச்சானுக்கும் புரியும். செவ்வாய்க்கிழமை அவரை லாரிக்குப் போகவிடாதே. காலையில் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அன்றே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். நான் சொன்னால் சிரிக்கிறாள். நீ அதட்டினால்தான் கேட்பாள்.

உன்,
சேகர்