போதகர்கள் படித்ததைச் சபைக்கும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், இறையியல் கல்லூரிகள் இளம் போதகர்களின் விசுவாசத்தைக் கெடுத்து அனுப்புகின்றன, அவற்றை இழுத்து மூட வேண்டும் என்று எழுதியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் நானே அதை வெட்டி எடுத்துப்போய் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாசித்துக் காட்டியிருப்பேன். இப்போது என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வயது 67. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தாத்தா உபதேசியார், ஊர்ச் சபையில் வேதம் போதித்தவர். வேதம் வாசித்து ஜெபிக்காமல் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைத்ததில்லை. எங்கள் ஆலயத்தில் 31 வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியிருக்கிறேன். பைபிளின் ஒவ்வொரு எழுத்தும் தேவன் தந்தது என்று நம்பி வளர்ந்தவள், பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தவள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், என்னை வேறு கட்சி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சபைகளுக்கு, போன வருஷம் ஓர் இளம் குருவானவர் உதவியாக வந்தார். கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்ற தபசு காலத்தில் புதன்கிழமை மாலை வேதபாட வகுப்பு எடுத்தார். யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் வந்தது. ஏழாம் வசனத்தை நான்தான் சத்தமாக வாசித்தேன்: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." எனக்குப் பார்த்து வாசிக்க வேண்டியதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை நினைவுகூரும் திரித்துவ ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் அதுதான். பிழையில்லாமல் சொல்கிற பிள்ளைக்கு ஒரு பேனா பரிசு.

அப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் எழுந்து, "ஐயா, என் போன்ல இருக்கிற இங்கிலீஷ் பைபிள்ல இந்த வசனம் இல்லையே" என்றான். அவர் மழுப்பவில்லை. "தம்பி, அது பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள்ல கிடையாது. பின்னால சேர்ந்தது" என்றார். இரண்டு மூன்று நிமிடம் விளக்கினார். ஜெபத்தோடு வகுப்பு முடிந்தது. நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. 'வேதத்தை வெட்டுகிறவர்' என்று பெயர் வைத்தார்கள். அவரை மாற்றக் கேட்டுப் பேராயருக்கு மனு தயாரானது. ஒரு மூப்பர் என் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து, "டீச்சர், நீங்க போட்டாத்தான் மதிப்பு" என்றார். அதில் 41 கையெழுத்து இருந்தது. நான் 42-ஆவதாகப் போட்டேன். கோபத்தில் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அந்த மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படிக்காமலே போட்டேன்.

அப்புறம்தான் உறக்கம் வரவில்லை. வீட்டில் பொதுமொழிபெயர்ப்புத் திருவிவிலியம் ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கரும் நம்மவர்களும் சேர்ந்து செய்து 1995-ல் வந்தது. யாரோ பரிசாகக் கொடுத்ததைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தேன். தூய ஆவியும் நீரும் இரத்தமும் என்று சான்று மூன்றே மூன்றுதான் அதில் இருக்கின்றன. பரலோகத்தின் மூவர் இல்லை. முப்பது வருஷமாக இந்தத் தமிழில் அச்சாகிக் கடையில் விற்கிற செய்தி இது. அதைச் சொன்னதற்காகத்தான் அந்த இளம் குருவானவரை ஊரைவிட்டு அனுப்ப நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் ஓய்வு பெற்ற எங்கள் பழைய குருவானவரைப் போய்ப் பார்த்தேன். எனக்குத் திருமணம் செய்துவைத்தவர், என் கணவரை அடக்கம் செய்தவரும் அவரே. நேராகவே கேட்டேன். "ஐயா, ஒன்று யோவான் ஐந்து ஏழு பத்தி நீங்க காலேஜ்ல படிச்சிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முதல் வருஷத்துலயே படிச்சோம் டீச்சர்" என்றார்.

"அப்புறம் ஏன் ஒரு நாளும் எங்ககிட்ட சொல்லலை?"

"எதுக்கு உங்க விசுவாசத்தைக் கலக்கணும்னுதான்."

ஆசிரியர் அவர்களே, எனக்கு வலித்த இடம் இதுதான். அந்த வசனம் பின்னால் சேர்ந்தது என்பதுகூட இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் முன்னால் உட்கார்ந்து அந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஆண்டு விழாவில் பேனாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்தவர் அவர். அத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைத் தாங்க மாட்டாதவள் என்று முடிவு கட்டியிருக்கிறார். அன்பினால்தான் செய்தார், சந்தேகமில்லை. ஆனால் அந்த மௌனத்தின் பலனை இன்று ஓர் இளைஞர் தனியாக அனுபவிக்கிறார். முன்னால் வந்த ஐந்தாறு குருவானவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னது ஒரு செய்தியாகவே இருந்திருக்காது.

பிறகு அந்த இளம் குருவானவரையே வீட்டுக்கு அழைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இந்த வரி லத்தீன் எழுத்துகளில்தான் முதலில் தலைகாட்டுகிறது, அதுவும் நாலாம் நூற்றாண்டில். கிரேக்கப் படிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில் மட்டுமே உண்டு, எல்லாம் மிகப் பிந்தியவை; சிலவற்றில் ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 1516-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோதும், 1519-ல் மறுபடி அச்சிட்டபோதும் இந்த வரியைப் போடவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. இந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் படி அவருக்குக் காட்டப்பட்ட பிறகு, 1522-ல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் படி இப்போது டப்ளினில் இருக்கிறது. அவர் காலத்திலேயே எழுதப்பட்டது என்பது அறிஞர்கள் முடிவு. அதே 1522-ல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட, நம் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு முன்னோடியான மார்ட்டின் லூத்தர் இந்த வரியைச் சேர்க்கவில்லை. சாகிற வரைக்கும் அவர் சேர்க்கவில்லை. லூத்தரை விசுவாசமில்லாதவர் என்று எங்கள் கமிட்டியில் யாராவது சொல்வார்களா?

நம்முடைய தமிழ் வேதாகமத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. இன்று நாம் வாசிப்பது ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் முடிந்தது. இடையன்குடி கால்டுவெல் ஐயரும் அந்தத் திருத்தப் பணியில் இருந்தவர். சீனாய் மலை மடத்திலிருந்த வேதாகமத்தின் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படி வெளியுலகத்துக்கு வந்தது 1859-ல். அதையெல்லாம் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் திருத்திய புதிய ஏற்பாடு வெளியானது 1881-ல், அதில் இந்த வரி விடப்பட்டது. நம்முடையது அதற்குப் பத்து வருஷம் முந்தியே முடிந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். நம் முன்னோர் கையில் இருந்ததை வைத்து உண்மையாக உழைத்தார்கள். அந்தத் தமிழின் ஓசை என் ரத்தத்தில் ஊறியது, சாகும்வரை அதில்தான் ஜெபிப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் மனச்சாட்சியை அறுக்கிறது. நான் தமிழாசிரியை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதையும், ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்து 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதையும் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்து வைத்த பதிப்பைக் காட்டி, 'இடைச்செருகலை நீக்கினால்தான் கம்பன் தெரிவான்' என்று விளக்கியிருக்கிறேன். கம்பனுக்குக் காட்டிய அக்கறையை யோவானுக்குக் காட்டினால் அதை வெட்டு என்று சொன்னேன். யோவான் எழுதாத ஒரு வரியை யோவான் எழுதினார் என்று சொல்வது அவருக்குச் செய்கிற மரியாதையா?

மனு கொண்டுவந்த அண்ணாச்சி வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தைக் காட்டினார். வசனங்களிலிருந்து எதையாகிலும் எடுத்துப்போட்டால் ஜீவபுஸ்தகத்தில் பங்கு இல்லை என்கிற இடம். நான் அதற்கு முந்தின வசனத்தையும் வாசிக்கச் சொல்கிறேன். கூட்டினாலும் வாதைதான் என்று அங்கே இருக்கிறது. உபாகமம் நாலாம் அதிகாரமும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. குறைப்பதற்குப் பயப்படுகிற நாம் கூட்டியதற்கும் பயப்பட வேண்டும்.

திரித்துவம் போய்விடுமே என்று பல பெண்கள் என்னிடம் கண்கலங்கிக் கேட்டார்கள். போகாது. நிசேயாவில் 325-லும் கான்ஸ்டான்டிநோபிளில் 381-லும் கூடிய திருச்சபைச் சங்கங்களில் திரித்துவத்தை நிலைநாட்டிய கிரேக்கப் பிதாக்கள் இந்த வரியை ஆதாரமாகக் காட்டவில்லை. அவர்கள் கையிலிருந்த படிகளில் அது இல்லை. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்ன மத்தேயுவின் கடைசி அதிகாரம் இருக்கிறது. வாராவாரம் ஆராதனையில் நாம் சொல்கிற கிருபையின் வாழ்த்தும் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதுதான்.

இதனால் இறையியல் கல்லூரியில் சொல்வதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. புல்ட்மான் என்ற ஜெர்மன் அறிஞர், புதிய ஏற்பாட்டின் அற்புதங்களும் உயிர்த்தெழுதலும் புராண மொழி, இந்தக் காலத்துக்கு அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1941-ல் வாதம் செய்தாராம். எனக்கு அது கொஞ்சமும் சம்மதமில்லை. என் கணவரைப் புதைத்த இடத்தில் நின்று நான் நம்பியது புராண மொழியை அல்ல. இதை அந்த இளைஞரிடமும் சொன்னேன். படியில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் பார்க்கிற விஷயம். கர்த்தர் எழுந்தாரா என்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கல்லூரி என்றாலே விஷம் என்பதும் தப்பு, கல்லூரி என்றாலே வேதவாக்கு என்பதும் தப்பு. சபையாரை விவரமில்லாதவர்கள் என்று நினைத்துப் பேசுகிற சில பட்டதாரி போதகர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களால் பாதிக் காயம்.

பல வருஷத்துக்கு முன்னால் என் ஞாயிறு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உபாகமத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து, "டீச்சர், மோசே செத்ததை மோசேயே எப்படி எழுதினார்?" என்று கேட்டாள். "இந்நாள்வரைக்கும் ஒருவனும் அவன் பிரேதக்குழியை அறியான்" என்ற வரியில் விரலை வைத்திருந்தாள். 'இந்நாள்' எந்த நாள் என்பதுதான் அவள் சந்தேகம். எவ்வளவு கூர்மையான வாசிப்பு! வேதத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அதட்டி உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. குருவானவர் என்னிடம் மறைத்தார் என்று வருந்துகிற நான் அந்தப் பிள்ளைக்குச் செய்தது என்ன?

பேராயர்களின் ஆளுகையில் உள்ள திருமண்டலங்களின் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் போதகர்கள் மூன்று நாலு வருஷம் படிப்பதில் ஒரு பங்கையாவது சபைக்குச் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு நாள் வகுப்பு வையுங்கள். தெரிந்ததை அமைதியாகச் சொன்னதற்காக ஒருவர் மேல் மனு வந்தால், அவரை வேறு ஊருக்கு மாற்றி விஷயத்தை முடித்துவிடாமல், ஒரு நாள் நேரில் வந்து எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கமிட்டியில் கொடுத்துவிட்டேன். மனு என்ன ஆகும் என்று இன்னும் முடிவாகவில்லை. நிறுத்திவைத்திருந்த புதன்கிழமை வகுப்பு இந்த மாதம் மறுபடி தொடங்கியிருக்கிறது. முன்பு இருபத்தைந்து பேர் வந்த இடத்தில் ஒன்பது பேர் வந்தோம். அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையன் முன்வரிசையில் இருந்தான். வருகிற புதன் யூதாவின் நிருபம். அதன் 14-ஆம் வசனத்தில் ஏனோக்கின் தீர்க்கதரிசனம் ஒன்று வருகிறது. பழைய ஏற்பாட்டில் தேடினேன், எனக்கு அகப்படவில்லை. அது எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.