ஸ்கிரைபஸில் முதலில் கேட்க வேண்டியது வரி முறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பாடசாலை மலரோ கோயில் மலரோ, இன்னும் பல இடங்களில் பாமினி எழுத்துருவும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும்தான். அதே வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளைச் சொன்னால் 'அதில் தமிழ் உடையும்' என்கிறார்கள். அதன் 1.4 பதிப்பு வரிசையில் உடைந்தது உண்மைதான். 2017 இல் வந்த 1.5.3 இலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற நிரல் எழுத்துக்களை அடுக்குகிறது. கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றன. 2024 ஜனவரியில் நிலையான 1.6 உம் வந்துவிட்டது. உரை பாமினியில் இல்லாமல் பொதுக் குறிமுறையான யூனிகோடில் இருந்தால் போதும்.

ஆகவே அதன் ஆக்குநர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகளும் மாற வேண்டும். நாலு நிறப் பிரிப்பு, அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் கோப்பு எல்லாம் ஏற்கெனவே உண்டு. கறுப்புத் திரை, புதிய ஐகான் என்று கேட்பது வீண். கைவேலையால் சமாளிக்க முடியாதது எதுவோ அதுவே முன்னுக்கு வர வேண்டும்.

எம் கணக்கில் முதலிடம் வரி முறிப்புக்கு. ஏ4 பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 56 மில்லிமீற்றர்தான். 10 புள்ளி எழுத்தளவில் 'பெருந்தோட்டத்தொழிலாளர்களுக்கான' என்ற ஒரே சொல் வரியின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இருபக்கமும் சமன் செய்தால் மீதி வரியில் ஓட்டை விழும். தமிழ் அச்சில் சொல்லை இடைக்கோடு போடாமலே முறிப்போம். புள்ளி வைத்த எழுத்தில் மட்டும் அடுத்த வரியைத் தொடங்கமாட்டோம். இந்த இரண்டு விதியையும் மென்பொருளே பார்த்துக்கொள்ள வேண்டும். முறிக்கும் இடத்தைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல இடைவெளியைக் கையால் சொருகலாம், ஆனால் 80 பக்க மலருக்கு யார் சொருகுவது? சொருகினாலும் பிடிஎஃப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் அகப்படாமல் போகலாம்.

அடுத்தது மாற்று எழுத்துரு, அதாவது ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை வேறொன்றிலிருந்து தானாக எடுப்பது. மும்மொழி அழைப்பிதழில் தமிழ் எழுத்துருவுக்குள் சிங்களப் பெயரை ஒட்டினால் வெறும் கட்டங்கள் வருகின்றன. இதற்கு வழி உண்டு: சிங்களத்துக்குத் தனி எழுத்துப் பாணி அமைத்து, சிங்கள எழுத்துருவை அதிலேயே குறித்துவிடலாம். விட்டுப்போன இடங்களை அச்சுக்கு முந்திய சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும். வழி இருப்பதால்தான் இதற்கு இரண்டாம் இடம்.

பக்கம் தாண்டி ஓடாத அட்டவணை பலருக்கு எரிச்சல். கணக்கறிக்கைக்கு ஒன்றோடொன்று தொடுத்த உரைச்சட்டங்களும் தத்தல் (டாப்) நிறுத்தங்களும் போதும், அது காத்திருக்கட்டும்.

கேட்கும் முறையும் முக்கியம். ஆக்குநர்கள் தொண்டர்கள், 'தமிழ் சரியில்லை' என்ற ஒற்றை வரியை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களின் குறைப் பதிவேட்டில் இடும் ஒரு பதிவில் ஒரு குறை மட்டும் இருக்கட்டும். பதிப்பு எண், ஒரே பக்கமுள்ள மாதிரிக் கோப்பு, எழுத்துருவின் பெயர், இப்போது வருவதும் வரவேண்டியதுமான இரண்டு படங்கள், இவ்வளவும் சேர வேண்டும். அதே குறையை வேறொருவர் முன்பே பதிந்திருந்தால் புதிதாகத் திறக்காமல் அதன் கீழேயே உங்கள் மாதிரியை இணையுங்கள்.

இப்படிக்கு,
மலர்ப் பக்க வடிவமைப்பாளர்கள் சிலர்,
ஹட்டன்.