பி0171: சென்சார்மீது பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பனில் பழைய கார் வைத்திருப்போர் கையிலும் இப்போது எஞ்சின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பி0171 (P0171) என்ற குறியீடு வந்ததுமே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் தண்டச்செலவு. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அது சரியாகத்தான் சொல்கிறது. சேதி கொண்டுவந்தவனை அடிப்பானேன்?

குறியீட்டை அழிக்காதீர்கள், கோளாறு வந்த நேரத்து எஞ்சின் நிலையைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் போய்விடும். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் (MAF) சென்சார் உள்ள வண்டியில், எஞ்சின் சூடானபின் ஸ்கேனர் காட்டும் குறுகிய கால, நீண்ட கால ஃப்யூவல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எண்கள் இரண்டையும் கூட்டுங்கள். ஐட்லிங்கில் +20 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் 5க்குள் என்றால் வேக்யூம் ஹோஸ், பிசிவி குழாய் (எஞ்சின் அடிப்பகுதி வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), இன்டேக் கேஸ்கெட் ஆகியவற்றில் கசிவு தேடுங்கள். எஞ்சின் வேகத்தோடு அந்தக் கூட்டு எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கான மாஃப் காரணமாக இருக்கலாம். மாஃபுக்கென விற்கும் க்ளீனரையே அதில் அடியுங்கள்.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்