விக்கப் போற வீட்டுக்கு எதுக்கு ரிப்பேர்னு கேட்ட அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லாருக்கீங்களா, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா. அன்னைக்கு போன்ல "விக்கப் போற வீட்டுக்கு எதுக்கு கண்ணு ரிப்பேரு, வாங்கறவன் பாத்துக்க மாட்டானா"ன்னு கேட்டீங்க, நான் பதில் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. போன்ல இதெல்லாம் வெலாவாரியா சொல்ல முடியாது, அதனால டைப் பண்ணி தம்பிக்கு அனுப்பறேன், உக்காந்து படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

நம்மூர்ல பத்திரமும் பட்டாவும் சரியா இருந்து வில்லங்கம் சுத்தமா இருந்தா முடிஞ்சுதுங்க, செவுரு எப்படி இருந்தா என்ன, பாதி காசு எடத்துக்குத்தான. இங்க அமெரிக்கால டாலஸ் பக்கம் அக்ரிமெண்ட் கையெழுத்தான பொறவுதான் கூத்தே ஆரம்பிக்குது. வாங்கறவங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள்னு பேசி டைம் குடுக்கறது, ஆப்ஷன் பீரியட்னு பேரு, அதுக்குன்னு தனியா நமக்கு ஒரு சின்ன தொகை குடுத்தர்றாங்க, அந்த கெடுவுக்குள்ள காரணமே சொல்லாம "வேண்டாம்"னு போயிரலாம். அந்த நாளுக்குள்ளதான் வீட்ட சோதிச்சுப் பாக்கற இன்ஸ்பெக்டர கூட்டிட்டு வர்றாங்க. டெக்சாஸ் கவர்மெண்ட்டு லைசென்ஸ் வாங்கின ஆளு, கூலி குடுக்கறது வாங்கறவங்க, அதனால நமக்காக ஒரு வார்த்தை கூட கொறைச்சு எழுத மாட்டாரு. கண்ணபுரம் சந்தைல நீங்க காளைக்கு பல்லப் புடிச்சுப் பாத்து சுழி தேடுவீங்களே அப்படித்தான் தேடறாங்க, ஆனா துண்டுக்குள்ள விரலப் புடிச்சு வெல பேசற மறைவெல்லாம் இங்க கெடையாது, எல்லாம் எழுத்துல வந்துரும்.

அன்னைக்கு நாம வீட்ல இருக்கக் கூடாதாம். ஏஜெண்டம்மா முந்தின நாளே போன் பண்ணி நாளைக்கு தாளிக்காதீங்க, மீன் கீன் வறுத்தராதீங்கன்னு நைசா சொல்லிட்டாங்க, எனக்கு கோவம் தான் வந்துது, பத்து வருசம் குடியிருந்த வீட்ல சாம்பார் வாசம் அடிக்காம வேற என்ன அடிக்கும். புளிசோறு கட்டிக்கிட்டு கொழந்தைகளோட பார்க்ல போயி உக்காந்துட்டோம். உங்க மாப்பிள்ளை போன்ல வாசல் கேமராவ தொறந்து வெச்சுக்கிட்டு, இன்னும் ஏணிய எறக்கல இன்னும் ஏணிய எறக்கலன்னு ஒரே பொலம்பல்.

மறுநாள் ரிப்போர்ட் வந்துது, போட்டோவோட அம்பது பக்கத்துக்கு மேல. ஒவ்வொன்னுக்கும் நேரா நாலு கட்டம், பாத்தது, பாக்காதது, இல்லாதது, குறை உள்ளது. அந்த நாலாவது கட்டத்துல வரிசையா டிக் அடிச்சிருக்கறத பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏஜெண்டம்மாதான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, புது வீட்டுக்கே இப்படித்தான் வரும், பயப்படாதீங்கன்னு. விஷயம் என்னன்னா வீடு கட்டுன காலத்துல சட்டம் கேக்காத சமாச்சாரத்தையும் இன்னைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா குறைன்னுதான் எழுதோணுமாம். சிங்க் பக்கத்துல, கேரேஜ்ல எல்லாம் ஜி.எஃப்.சி.ஐ.னு ஒரு பிளக் பாயிண்ட் இருக்கோணும், நடுவுல ரெண்டு சின்ன பட்டன் இருக்கும், அஞ்சு மில்லி ஆம்பியர் கரண்ட்டு வேற வழில, நம்ம ஒடம்பு வழியா போனா கூட, கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள கட் பண்ணிரும். எங்க வீட்டு சமையக்கட்டுல பாதி பாயிண்ட்ல அது இல்ல. அந்த ஆளு சின்னதா ஒரு டெஸ்டர எல்லா ஓட்டைலயும் சொருகி, அமுக்கி, போட்டோ எடுத்து செவப்பு அம்புக்குறி போட்டு வெச்சிருக்காரு. இத்தன வருசம் ஈரக்கையோட மிக்ஸி போட்டது அதுலதான்.

பொறவு வாட்டர் ஹீட்டர். இங்க அத எங்க வெப்பாங்கன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அட்டாலி மேல! அம்பது காலன், நம்ம கணக்குக்கு 190 லிட்டர், கேஸ்ல சுடற டேங்க்கு, நேரா படுக்கற ரூமுக்கு மேல நிக்குது. அடியில ஒரு தட்டு இருக்கு, டேங்க்கு ஒழுகுனா தண்ணி அதுல விழுந்து பைப்பு வழியா வெளிய போகோணும், எங்க தட்டு துருப்புடிச்சு ஒரு ஓரமா தகரம் காயிதமாட்டம் ஆயிப்போச்சு. மொதல்ல வந்த பிளம்பர் மேல ஏறி ரெண்டு நிமிசம் டார்ச் அடிச்சுட்டு டேங்க்கையே மாத்தோணும்னு ஒரு தொகை சொன்னான் பாருங்க, ஒரு சோடி மாடு வாங்கிரலாம். அடுத்து வந்தவரு வயசானவரு, தட்டையும், பிரஷர் வால்வையும், அதுல இருந்து வெளிய போற பைப்பையும் மட்டும் மாத்திட்டு போயிட்டாரு, டேங்க்கு நல்லாத்தான் இருக்குன்னு. யாரும் ஒருத்தன் சொல்றத மட்டும் கேட்டுக்கக் கூடாதுங்கப்பா.

எல்லாத்துலயும் பெருசா பயந்தது அஸ்திவாரத்துக்குத்தான். இந்தப் பக்கத்து மண்ணு நம்ம தென்காட்டு கரிசல் இருக்கே அதே சாதிதான், வெயில்ல கைய உடலாமாட்டம் வெடிக்குது, மழை பேஞ்சா உப்புது. நம்மள மாதிரி கடக்கால் ஆழமா தோண்டறதில்ல, மண்ணு மேலயே ஒரே பலகையா கான்கிரீட் ஊத்தி அது மேல வீடு. மண்ணு அசைஞ்சா வீடும் அசையும். கெழக்கு மூலைல செங்கல்ல படிக்கட்டாட்டம் ஒரு வெடிப்பு, ஒரு ரூம் கதவு தாழ்ப்பா ஒட்டல, அத பாத்துட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூப்புடுங்கன்னு எழுதிட்டாங்க. அவரு வந்து வீடு பூரா மட்டம் எடுத்துப் பாத்து, இந்த அளவுக்கு அசையறது சகஜம், கோடைல அஸ்திவாரத்த சுத்தி தண்ணி உடறத நிறுத்தாதீங்கன்னு கையெழுத்து போட்டு குடுத்தாரு. ஆமாங்கப்பா, இங்க வீட்டுக்கு தண்ணி பாய்ச்சறாங்க. செவுத்துல இருந்து ஒன்னு ஒன்னரை அடி தள்ளி ஓட்ட ஓட்டையா இருக்கற ஓஸ போட்டு, நீங்க தென்னைக்கு சொட்டு நீர் உடற கணக்கா, மண்ணு ஒரே பதமா இருக்கோணும்னு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ரிப்பேர் பண்ணியே ஆகோணும்னு சட்டம் எதுவும் இல்ல, மாட்டேன்னு சொல்லலாம். ஆனா விக்கறவங்க வீட்டப் பத்தி தெரிஞ்ச குறைய எல்லாம் ஒரு பாரத்துல எழுதிக் குடுக்கோணும், அதுல கடைசி நாலு வருசத்துல வந்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் இருக்கான்னு ஒரு கேள்வியே இருக்கு. இவங்க உட்டுட்டு போனா அடுத்து வர்றவங்களுக்கு இதே அம்பது பக்கத்த நாமளே எடுத்து நீட்டோணும். தெரியாதுன்னு சொல்ல வழியே இல்ல. அப்பறம் அவங்க இன்னும் எச்சா கொறைச்சுக் கேப்பாங்க.

வாங்கறவங்க ஒரு தெலுங்குக் குடும்பம், நல்ல மாதிரி, ஆனா லிஸ்ட்டு மட்டும் பெருசா அனுப்பிட்டாங்க, வேலில ஒரு பலகை ஆடுதுங்கறது வரைக்கும். உங்க மாப்பிள்ளை வீம்புக்கு ஒன்னும் பண்ண வேண்டாம்னாரு. நான் ஒத்துக்கல. கரண்ட்டு, கேஸ், தண்ணி இந்த மூனும் நாங்களே சரி பண்ணித் தர்றோம், மத்ததுக்கு பேசி ஒரு தொகைய ரிஜிஸ்டர் அன்னைக்கு கழிச்சுக்குங்கன்னு எழுதச் சொன்னேன். பெயிண்ட்டு, வேலி, கதவு எல்லாம் நாம எப்படி பண்ணுனாலும் அவங்க மனசுக்கு புடிக்காது, அது அவங்க வீடு, அவங்க காசு வாங்கிட்டு இஷ்டத்துக்கு பண்ணிக்கட்டும். ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்ட வேலைய நம்ம கையால பண்ணக் கூடாது, லைசென்ஸ் வேண்டிய வேலைக்கு லைசென்ஸ் இருக்கற ஆளுதான், பில்லு எல்லாம் குடுக்கோணும். உங்க மாப்பிள்ளை யூடியூப் பாத்து பிளக் மாத்தறேன்னு ஸ்குரூ டிரைவரோட நின்னாரு, புடுங்கி உள்ள வெச்சுட்டேன். வேடிக்கை என்னன்னா இந்த ஸ்டேட்ல கூரை போடறவனுக்கு லைசென்சே கெடையாதாம், ஆலங்கட்டி மழை பேஞ்ச மறுநாள் கதவத் தட்டறவன் எல்லாம் கூரை மேஸ்திரிதான்.

எலக்ட்ரீசியன் நேத்து வந்து முடிச்சுட்டு போயிட்டாரு. வர்ற மாசம் ரிஜிஸ்டர், அது வரைக்கும் யார்கிட்டயும் வித்தாச்சுன்னு சொல்லாதீங்க, முக்கியமா பெரிய மாமாகிட்ட.

அப்பறம் ஒன்னு, பம்ப்செட் ரூம்லயும் பொடக்காணி பாத்ரூம்லயும் எர்த் சரியா இருக்கான்னு தம்பிய பாக்கச் சொல்லுங்க, வீட்டு மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி.னு, கரண்ட்டு கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்சு ஒன்னு மாட்டிரச் சொல்லுங்க. காசு நான் போட்டு உடறேன், அடுத்த வாட்டி போன் பண்றப்ப மாட்டியாச்சான்னுதான் மொதல்ல கேப்பேன்.

உங்க மக