பிள்ளைகள் கேட்பது வேறு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கல்லணை திறந்து அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் கும்பகோணமே கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

அங்கே நியூயார்க்கில், ஆண்களை விரும்பும் நம் மாதிரி ஆம்பளைகள், வெள்ளையரல்லாத பெரியவர்கள், உட்கார்ந்து இளசுகளுக்குத் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் ஊர் ஹார்லெம் பகுதிச் சமாச்சாரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டை விட்டுத் துரத்திய கறுப்பின, லத்தீன் பிள்ளைகளை 1970களிலேயே 'ஹவுஸ்' என்று சேர்த்துக்கொண்டு, மூத்தவரை 'மதர்' என்று கூப்பிட்டார்களாமே. அது நம்ம ஊர்த் திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத் அல்லவா! குரு, சேலா என்கிற சிஷ்யை, அம்மா, மகள் என்று முறை வைத்து, போலீசிடம் எப்படிப் பேசுவது என்பது முதற்கொண்டு மூத்த திருநங்கைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காட்டுவதற்கும் ஆள் இருக்கிறது. மதுரையிலிருந்து தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் வந்து பரதம் கற்ற திருநங்கை நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உன்னையும் என்னையும் போன்ற ஆம்பளைகளுக்கு யார் இருந்தார்கள்? நம்மால் வேட்டி சட்டைக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தது, ஒளிந்துகொண்டோம். நமக்கு முந்தினவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு மூன்று பையன்கள் வருகிறார்கள். முதலில் நான் பெரிய ஆள் மாதிரி சட்டத்தில் ஆரம்பித்தேன். ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, அதை 2013இல் உச்ச நீதிமன்றம் கவிழ்த்தது, பிறகு குற்றமில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு எல்லாம் சொன்னேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் போன்ல படிச்சுட்டேன் சார். கல்யாணம் வேணாம்னு வீட்ல எப்படிச் சொன்னீங்க?" என்றான்.

என்னத்தைச் சொல்ல. எனக்கு வங்கி வேலை இருந்தது. தங்கை கல்யாணத்தை என் சம்பளத்தில் நடத்தினேன், அதற்குப் பிறகு அப்பாவால் என்னை அதட்ட முடியவில்லை. அப்புறம் மாற்றல் மேல் மாற்றல். இவனுக்கு அதெல்லாம் இல்லை. அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். அவன் பழகும் பையனோ நிலம் வைத்திருக்கும் தெரு. நீ அங்கே நிறத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கே தெருவுக்குப் பொருந்தும். விஷயம் வெளியே வந்தால் ஆணும் ஆணுமா என்று பிறகுதான் கேட்பார்கள், முதல் அரிவாள் சாதிக்காக வரும். அவனிடம் போய் 'தைரியமாக வெளியே சொல்லு' என்று நான் எப்படிச் சொல்வேன்? முதலில் டிப்ளமோவை முடி, திருப்பூரோ சென்னையோ போய் ஒரு வருஷச் சம்பளம் பார், அதுவரை வாயைத் திறக்காதே என்றேன். உனக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

சொத்து விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் உபயோகமான ஆள். ரெண்டு ஆண்கள் ஜாயின்ட் அக்கவுண்ட் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவாகச் சொல்லிவிட்டது, துணையை நாமினியாகவும் போடலாம். ஆனால் நாமினி போட்டதோடு காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமினி கையில் பணத்தைக் கொடுப்பார்கள், உரிமை கொண்டாட அண்ணன் தம்பி வருவார்கள். உயில் இருந்தால்தான் நிற்கும். வெள்ளைத்தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டாலே செல்லும், சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிந்துவிட்டால் இன்னும் நல்லது. உயிலில் சொத்து கிடைக்கப்போகிறவனையே சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லி வைத்தேன். இதைச் சொன்னபோதுதான் பையன்கள் நோட்டை எடுத்தார்கள்.

இன்னொருவனை அவன் அம்மா 'சரிசெய்ய' ஏதோ டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தார். 2021இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட சிகிச்சையே கூடாது என்று சொன்னதை அந்த அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். தீர்ப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க தனியாத்தான் இருக்கீங்களா, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்றார். சமையல்கட்டைக் காட்டினேன். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வெந்தயத்தில் வண்டு விழுந்திருக்கிறது, வெயிலில் காயவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டாக்டர் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை என்கிறான் பையன்.

என் கதையை எழுதி அனுப்பு என்கிறாய். எழுதுகிறேன், ஆனால் அழுத கதையாக வேண்டாம் மாப்ளே, அது பையன்களுக்கே நிறைய இருக்கிறது. நீயும் அதை விட்டுவிட்டு, உன் துணைவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஐசியூவுக்குள் உன்னை எந்தக் காகிதத்தைப் பார்த்து விட்டார்கள், வாடகை வீடு பிடிக்கும்போது என்ன சொன்னீர்கள், அதை எழுது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டுகிறேன்.

2028 மகாமகத்துக்கு வருகிறேன் என்கிறாய். அந்தக் கூட்டத்தில் உன் முட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? தை பிறந்ததும் வா, அவரையும் கூட்டிக்கொண்டு வா. மாடி ரூமுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் போட்டுவிட்டேன்.

உன்,
கும்பகோணத்தான்