ஏரிக்கரையில் விடிகாலை இரண்டரை மணி நேரம்: ஒரு திறந்த மடல்

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட ஏரிகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

புறநகர் ஏரி ஒன்றின் வாயிலில் போன வாரம் புதிதாக ஒரு பலகை முளைத்திருக்கிறது. "நாய்களுடன் நுழையத் தடை. மீறினால் நடவடிக்கை. நடைபயிற்சி நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை." எந்தத் துறை வைத்தது, எந்த உத்தரவின்படி வைத்தது, என்ன நடவடிக்கை என்பதற்கெல்லாம் பலகையில் இடம் போதவில்லை போலும். அந்த ஏரியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு காவலாளியை மாட்டிவிடுவது எங்கள் நோக்கமல்ல. இப்படிப்பட்ட பலகைகள் ஒவ்வொரு கரையாகப் பரவுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்பதே நோக்கம்.

நாயோடு நாலைந்து கிலோமீட்டர் ஏறி இறங்கி நடக்கச் சென்னையைச் சுற்றி எங்கே போவது என்று யாராவது கேட்டால் சொல்லக்கூடிய பதில் என்ன? பூண்டிப் பக்கம் குடியம் குகை அருமையான வழி, ஆனால் அது காப்புக்காடு. நன்மங்கலமும் அப்படித்தான். திருநீர்மலையும் திருக்கழுக்குன்றமும் கோயில் மலைகள். செஞ்சிக் கோட்டையும் மாமல்லபுரத்துப் பாறைகளும் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவரக்கூடாது என்று 1959ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. இவை எதையும் திறந்துவிடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. காட்டுக்குள் நாய் போகக்கூடாது என்பதில் எங்களுக்கு உங்களைவிடக் கண்டிப்பு அதிகம். வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் நோய் நரிக்கும் செந்நாய்க்கும் தொற்றும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் யானையைக் கண்டு குரைத்த நாய் அடுத்த நொடி எசமானரிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும். சிறுத்தைக்கோ நாய் விருந்து. வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் ஏறிய இடங்கள். அங்கே நாயோடு போக வேண்டும் என்று கேட்பவர் எங்களில் ஒருவர் இருந்தாலும் நாங்களே தடுப்போம்.

இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது சரணாலயமாக அறிவிக்கப்படாத ஏரிகளின் கரைகள்தான். அதனால்தான் கேட்கிறோம்: எந்தக் கரையில் நாயோடு நடக்கலாம், எந்தக் கரையில் கூடாது என்று துறையின் பெயரோடு ஒரு பட்டியல் வெளியிடுங்கள். நடக்கலாம் என்று சொல்லும் கரைகளைக் காலை 5.30க்குத் திறந்துவிடுங்கள்.

நேரத்தை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பி இருப்பது பாதத்தில், அதுவும் கொஞ்சம்தான். சூட்டை வெளியேற்ற அதற்கிருக்கும் முக்கிய வழி வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான். காற்றில் ஈரப்பதம் ஏற ஏற அந்த வழியும் அடைபடும். சென்னைக் காற்றின் ஈரப்பதம் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். பங்குனி பிறந்துவிட்டால் காலை 8 மணிக்கெல்லாம் கரையில் பதித்த பேவர் பிளாக் சூடேறத் தொடங்கிவிடும். புறங்கையைத் தரையில் வைத்து 7 நொடி தாங்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. நாம் செருப்புப் போட்டிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பாத மெத்தை வெந்து தோல் உரிந்த நாய் வாரக்கணக்கில் நொண்டும். சுருங்கச் சொன்னால், 8 மணி என்பது நாயை வீட்டுக்குத் திருப்பி அழைத்துப்போக வேண்டிய நேரம். அந்த நேரத்தில் வாயிலைத் திறப்பது அனுமதி ஆகாது.

இதோடு வாய்மூடியும் சேர்ந்துகொள்கிறது. மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கட்டாயம், பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். 2024இல் ஆயிரம்விளக்கு பூங்காவில் ஒரு குழந்தையை நாய்கள் கடித்துக் குதறிய பிறகு இந்தக் கண்டிப்பு தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாய்மூடியிலும் இரண்டு வகை உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நைலான் உறை வாயை இறுக்கி மூடிவிடும், நாயால் இரைக்க முடியாது. அதை மாட்டிக்கொண்டு வெயிலில் அரை மணி நேரம் நடந்தாலே நாய் தள்ளாடி விழும் அபாயம் இருக்கிறது. கூடை வடிவில் இருப்பதுதான் சரியானது. அதற்குள் நாய் வாயை முழுதாகத் திறக்க வேண்டும், நாக்கை நீட்டித் தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். நீங்கள் வைக்கும் பலகையில் "கூடை வாய்மூடி" என்று இரண்டு சொல் எழுதினால் பல நாய்கள் பிழைக்கும்.

அப்படியும் ஒரு நாய் சுருண்டுவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் காவலாளிகளுக்கும் தெரிந்திருப்பது நல்லது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் பிசுபிசுத்து, நடை தடுமாறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, அக்குள், தொடை இடுக்கு என்று சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும். இதற்குத்தான் கரையில் ஒரு குழாய் கேட்கிறோம். 20 கிலோ நாய்க்கு இரண்டு மணி நேர நடைக்குக் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் நாங்களே சுமந்துவருவோம். ஏரித் தண்ணீரைக் குடிக்க விடமாட்டோம். கோடையில் வற்றித் தேங்கிய நீரில் படரும் நச்சுப் பாசி நாயைக் கொல்லும், எலிக்காய்ச்சல் கிருமியும் அங்கேதான் இருக்கும். ஆனால் விசிறி ஊற்ற ஒரு லிட்டர் போதாது.

மற்ற அபாயங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சீமைக்கருவேல முள் பாதத்துக்குள் ஒடிந்து நின்றால் அன்றே இடுக்கியால் எடுக்க வேண்டும், விட்டால் சீழ் பிடிக்கும். ஊசிப்புல் விதை விரலிடுக்கிலும் காதிலும் ஏறும். உண்ணி வீட்டுக்கு வந்ததும் தேடிப் பிடுங்க வேண்டியது. கண்ணாடி விரியன் கடித்தால் கட்டுப்போடாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதெல்லாம் நாயோடு நடப்பவர் கற்க வேண்டிய பாடம். உடைந்த பீர் பாட்டிலை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மதகருகிலும் கலங்கல் சுவரிலும் இரவில் கூடிக் குடித்து உடைத்துப் போட்டவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதாகத் தெரியவில்லை, அவர்களைத் தடுக்கும் பலகையையும் காணோம். விற்பதும் அரசு, காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டத்தை 2022இல் நீலகிரியில் தொடங்கியதும் அரசு. இங்கே பாதம் கிழிந்து தையல் போட்டுக்கொள்வது மட்டும் நாய். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையில் இடம் கொடுத்தார்கள். நடந்துபோக ஒரு கரையில் இடம் கொடுக்க இத்தனை யோசனை ஏன்?

கோபம் எல்லை மீறினால் பொறுத்தருளுங்கள். கேட்பதைக் கேட்டுவிடுகிறோம்.

கேட்க வேண்டிய இடம் எது என்பதே முதல் குழப்பம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நடைபாதை போட்டது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) என்றால் கேள்வி அங்கே போகும், பிறகு திரும்பி வரும். எனவே பட்டியலை மாவட்ட ஆட்சியர் அலுவலகமே ஒரே தாளில் வெளியிடட்டும். ஏரியின் பெயர், பொறுப்பான துறை, நாயோடு நடக்கலாமா கூடாதா, நேரம், தொலைபேசி எண் இவ்வளவு போதும். நீர்ப்பறவைகள் கூடு கட்டும் ஏரியென்றால் ஐப்பசி முதல் பங்குனி வரை கரையை மூடுங்கள், எதிர்க்கமாட்டோம். மீன் குத்தகைதாரரும் ஆடு மேய்ப்பவரும் வாத்துக்காரரும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கரை அவர்களுக்கும் சொந்தம். நீளக்கூடிய கயிறு வேண்டாம், இரண்டு மீட்டருக்கு மிகாத கயிறு என்று விதி போடுங்கள். ஆட்டுக்கும் அதுதான் நல்லது, எங்களுக்கும் அதுதான் நல்லது. கழிவை அள்ளாமல் போகிறவருக்கு அபராதம் போடுங்கள். அள்ளியதைப் போட ஒரு தொட்டி மட்டும் வையுங்கள்.

எல்லா ஏரியையும் ஒரே நாளில் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒன்று என்று நான்கு கரைகளில், காலை 5.30 முதல் 8 வரை, ஆறு மாதம் சோதனையாகத் திறந்து பாருங்கள். புகார் வந்தால் நிறுத்திவிடுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4க்குள் அந்த நான்கு பெயர்களை அறிவித்துவிட்டால் இந்தக் கோடையை நாய்கள் தாண்டிவிடும். தயவுசெய்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உரிமம் வாங்கி, ஊசி போட்டு, கயிறு பிடித்து நடக்கும் நாய் வளர்ப்போர்